ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, அப்பா ஏன் நன்றாக இல்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 64 வயது. மயலோமா என்ற ரத்தப் புற்றுநோய். ஐந்து மாதமாக வாரம் ஒரு போர்டிசோமிப் ஊசி, கூடவே லெனலிடோமைடு, டெக்ஸாமெத்தசோன் மாத்திரைகள். மாதாமாதம் வரும் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டருக்குத் திருப்தி. அப்பாவோ பாதி நாள் படுத்தே கிடக்கிறார், மீதி நேரம் சிடுசிடுக்கிறார். அம்மாதான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறார். ‘வாழ்க்கைத் தரத்தையும் கவனிக்க வேண்டும்’ என்று டாக்டர் சொன்னாராம். அப்படியென்றால் என்ன, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்தப் புற்றுநோய் வார்டில் நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். அந்த அனுபவத்திலிருந்தும், படித்ததிலிருந்தும் சொல்கிறேன். மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் அவருடைய டாக்டரின் வேலை. இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக மாற்றாதீர்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரிப்போர்ட்டும் பொய் சொல்லவில்லை, அப்பாவும் பொய் சொல்லவில்லை. மயலோமா செல்கள் சுரக்கும் எம் புரதம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அந்தக் காகிதம் சொல்கிறது. அது நோயின் கணக்கு. அப்பா மாடி ஏறினாரா, இரவில் தூங்கினாரா, சாப்பாடு ருசித்ததா என்பது வேறு கணக்கு. அதை எந்தச் சோதனைக் குழாயிலும் எடுத்து லேபுக்கு அனுப்ப முடியாது. முதல் கணக்கு நல்லபடியாகும்போது இரண்டாவது மோசமாவது சிகிச்சையின் ஆரம்ப மாதங்களில் சகஜம். ஏனென்றால் நோயை அடக்குகிற அதே மருந்துதான் ஆளையும் படுக்க வைக்கிறது.

இந்த இரண்டாவது கணக்கை மருத்துவம் ரொம்ப காலம் டாக்டரின் கண் வழியாகவே பார்த்தது. 1940களின் கடைசியில் கார்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க டாக்டர், அப்போது புதிதாக வந்த கீமோ மருந்துகளைச் சோதிக்கும்போது, நோயாளியின் நிலையை 0 முதல் 100 வரை மதிப்பிட ஒரு அளவுகோல் வகுத்தார். 100 என்றால் எந்தக் குறையும் இல்லை, 0 என்றால் மரணம். இன்றும் அது பயன்படுகிறது. ஆனால் மார்க் போடுவது டாக்டர். நோயாளியே விடை எழுதும் முறை பிறகுதான் பரவலானது. 1993இல் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெளியிட்ட 30 கேள்விப் படிவம் அதில் பிரபலமானது. போன வாரம் வலி இருந்ததா, ஓய்வு தேவைப்பட்டதா, தூக்கம் கெட்டதா, குடும்ப வாழ்க்கை பாதித்ததா, பணக்கஷ்டம் வந்ததா என்று போகும். மயலோமாவுக்கென்றே 20 கேள்விகள் கொண்ட துணைப் படிவமும் உண்டு. உங்கள் ஆஸ்பத்திரியில் இது தருகிறார்களா என்று கேளுங்கள். தராவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கேள்விகளின் மனப்பான்மைதான் முக்கியம்.

டாக்டர் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்பார். அப்பா “பரவாயில்லை” என்பார். அதோடு அந்தக் கணக்கு மூடப்பட்டுவிடும். நான் பார்த்தவரை இதற்குக் காரணம் பயம். உபாதையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ, நோய் திரும்பிவிடுமோ என்ற பயம். அப்புறம், இவ்வளவு பாடுபடும் டாக்டரிடம் தூக்கம் வரவில்லை என்று புலம்புவதா என்ற கூச்சம். விளைவு, டாக்டரின் குறிப்பில் ‘நலமாக உள்ளார்’ என்று பதிவாகிறது. நோயாளி அனுபவிப்பதைவிட டாக்டர்களும் நர்ஸுகளும் குறைத்தே பதிவு செய்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. நானும் அப்படிக் குறைத்து எழுதியவள்தான்.

சொல்வதால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால், 2017இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வைக் காட்டலாம். கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரில் ஒரு பிரிவினர் தங்கள் உபாதைகளைக் கணினி வழியே தவறாமல் தெரிவித்தார்கள், கடுமையானால் நர்ஸுக்குத் தகவல் போகும். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. தெரிவித்த பிரிவு சராசரியாக ஐந்து மாதம் அதிகம் வாழ்ந்தது. அவர்களுக்கு இருந்தது ரத்தப் புற்றுநோய் அல்ல, பரவிய கட்டிப் புற்றுநோய்கள். ஆனாலும் உபாதையைச் சொல்வது வெறும் புலம்பல் அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எப்படிச் சொல்வது? “ரொம்பச் சோர்வா இருக்கார்” என்றால் டாக்டரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “போன மாதம் ஒரே மூச்சில் மாடி ஏறினார், இப்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்” என்றால் அது தகவல். ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, ஊசி போட்ட நாள், டெக்ஸா மாத்திரை சாப்பிட்ட நாள், தூக்கம், வலி, எவ்வளவு நடந்தார், மனநிலை எப்படி என்று நாளுக்கு இரண்டு வரி போதும்.

அந்த டெக்ஸா நாளை எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. மயலோமாவில் பெரும்பாலும் வாரம் ஒரு நாள், பெரிய அளவில் கொடுப்பார்கள். சாப்பிட்ட அன்று பலருக்கு ஒரு வேகம் வரும். அலமாரியை அடுக்குவார்கள், நிறையப் பேசுவார்கள், எரிந்து விழுவார்கள், இரவு பொட்டுத் தூக்கம் இருக்காது. இரண்டு மூன்று நாளில் அந்த வேகம் வடிந்ததும் அப்படியே சரிந்து படுத்துவிடுவார்கள், சிலருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். ரத்தச் சர்க்கரையும் ஏறும். இரண்டு மாதம் நோட்டு எழுதிப் பார்த்தால், அப்பாவின் சிடுசிடுப்புக்கு ஒரு கிழமை இருப்பது தெரியவரலாம். அது தெரிந்தாலே வீட்டில் பாதிச் சண்டை தீர்ந்துவிடும், ‘அப்பா மாறிவிட்டார்’ என்பது ‘இது டெக்ஸா பேசுகிறது’ என்று ஆகும். மாத்திரையைக் காலையில் சாப்பாட்டோடு கொடுத்தால் தூக்கம் கொஞ்சம் தப்பிக்கும். அப்படியும் தாங்கவில்லையென்றால் அளவைக் குறைக்க இடம் உண்டு. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரம்பத்திலேயே பாதி அளவில் தொடங்குவது வழக்கம். டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை.

அடுத்து சோர்வு. ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடம் எது அதிகம் படுத்துகிறது என்று கேட்டால் பெரும்பாலும் வலியைச் சொல்ல மாட்டார்கள், சோர்வைத்தான் சொல்வார்கள். நீங்களும் நானும் வேலை செய்து களைப்பது போன்றது அல்ல இது. தூங்கி எழுந்தாலும் போகாது. குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தால் அடுத்த அரை மணி நேரத்துக்கு எழ முடியாது. ‘சோம்பேறித்தனம்’ என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அது அவரைப் பல நாள் அரிக்கும்.

இதில் சரி செய்யக்கூடிய காரணங்களை முதலில் தேட வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்திருக்கலாம். மயலோமாவில் எலும்பு மஜ்ஜையை நோய்ச் செல்கள் அடைத்துக்கொள்வதால் ரத்தசோகை வரும், சிறுநீரகம் பாதித்தால் இன்னும் கூடும். லெனலிடோமைடு சிலருக்குத் தைராய்டைக் குறைத்துவிடும். தூக்கமின்மை, ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, மனச்சோர்வு, வலிக்கு எடுக்கும் மாத்திரை என எதுவாகவும் இருக்கலாம். இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகும் மிஞ்சுகிற சோர்வுக்கு, கேட்டால் கோபம் வரக்கூடிய ஒரு வைத்தியம்தான் நன்றாக நிரூபிக்கப்பட்டிருக்கிறது. உடற்பயிற்சி. எழவே முடியாதவனை நடக்கச் சொல்கிறாயே என்று என்னிடம் சத்தம் போட்டவர்கள் உண்டு. ஆனால் படுத்தே கிடந்தால் தசை கரையும், தசை கரைந்தால் சோர்வு கூடும், சோர்வு கூடினால் இன்னும் படுக்கத் தோன்றும். வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு அரை மணி நேரம், மிதமான நடை என்பதுதான் புற்றுநோய்ச் சோர்வுக்கு நிபுணர் குழுக்கள் வைக்கும் இலக்கு. அப்பாவுக்கு அது இன்று ஐந்து நிமிடமாக இருக்கட்டும். ஒரே எச்சரிக்கை: மயலோமா எலும்பை அரித்துவிடும் நோய். கனமான பொருளைத் தூக்குவது, குனிந்து முறுக்குவது வேண்டாம். எந்த எலும்பு பலவீனமாக இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டு, பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு முறையாவது காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

விரல் நுனிகள் மரத்துப்போகிறதா என்றும் கேளுங்கள். போர்டிசோமிப் நரம்பைத் தாக்கும். ரத்தநாளத்தில் ஏற்றுவதைவிடத் தோலுக்கடியில் போட்டால் இந்தப் பாதிப்பு கணிசமாகக் குறைகிறது என்று தெரிந்த பிறகு இப்போது பெரும்பாலும் அப்படித்தான் போடுகிறார்கள். இருந்தாலும் வரும். நேராகக் கேட்டால் “லேசா இருக்கு” என்பார். அதனால் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறாரா, காலிலிருந்து செருப்பு நழுவியது தெரியாமல் நடக்கிறாரா, கீழே கிடக்கும் நாணயத்தை எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆரம்பத்திலேயே சொன்னால் மருந்தின் அளவையோ இடைவெளியையோ மாற்றுவார்கள், பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சரியாகும். முற்றிய பிறகு சொன்னால் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். பயத்தில் மறைப்பதால் அதிக நஷ்டம் வருவது இந்த ஒரு விஷயத்தில்தான்.

எலும்பு வலிக்குக் கடையில் கிடைக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வேண்டாம், மயலோமாவில் சிறுநீரகம் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கும். டாக்டர் எழுதித் தரும் மார்ஃபின் வகை மருந்துக்குப் பயப்படவும் வேண்டாம். ஒரே இடத்து வலியென்றால் ஒரே ஒரு தடவை கொடுக்கும் கதிர்வீச்சே பலருக்கு நல்ல நிம்மதி தரும். எலும்பைப் பலப்படுத்தும் ஊசி போடுவதாக இருந்தால் அதற்கு முன்பே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், பின்னால் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. திடீரென்று முதுகுவலி கூடி, காலில் பலம் குறைந்தாலோ சிறுநீர் போக முடியாமல் போனாலோ அது அவசரம். மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலும் அப்படித்தான். 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள், டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள். டெக்ஸா எடுக்கிறவருக்குக் காய்ச்சலே தெரியாமலும் தொற்று இருக்கலாம், நடுக்கமோ குழப்பமோ இருந்தாலும் போன் செய்யுங்கள்.

ஆனால் இந்தப் பயத்தைப் பிடித்துக்கொண்டு ஆளை அறைக்குள் பூட்டிவிடும் குடும்பங்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். பேரக்குழந்தை வரக் கூடாது, நண்பர்கள் வரக் கூடாது, பழம் கூடாது, வெளியே காற்று கூடாது. சிகிச்சை கொடுத்த கஷ்டத்தைவிட இந்தச் சிறைவாசம் கொடுத்த கஷ்டம் அதிகம் என்று என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் நாட்களுக்கும் மற்ற நாட்களுக்கும் வித்தியாசம் உண்டு. சளி, இருமல் உள்ளவர் வர வேண்டாம், வருகிறவர் கை கழுவட்டும், போடச் சொன்ன தடுப்பூசிகளைப் போட்டுவிடுங்கள். உணவு விஷயத்திலும், பச்சையாக எதையுமே தொடக் கூடாது என்ற பழைய கடுமையான விதிக்கும் சுத்தமாகக் கழுவிச் சாப்பிடுவதற்கும் தொற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அண்மைக்கால ஆய்வுகள் சொல்கின்றன. அப்பாவுக்கு இன்று எந்த அளவு கட்டுப்பாடு தேவை என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாகவே பத்து மடங்கு கூட்டாதீர்கள்.

‘ரத்தப் புற்றுநோய்’ என்று தேடினால் கிடைப்பதெல்லாம் அப்பாவுக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது ஒரே நோயின் பெயர் அல்ல. நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மரபணுக் கோளாறை முதலில் 1960இல் பிலடெல்பியாவில் கண்டார்கள், அதைக் குறிவைக்கும் இமாடினிப் மாத்திரை 2001இல் வந்தது. இன்று மாத்திரை நன்றாக வேலை செய்கிறவர்கள் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே ஆயுளோடு வாழ்கிறார்கள். அவர்களுடைய கஷ்டம் வேறு மாதிரி. இரவில் கெண்டைக்கால் இழுப்பு, காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், அடிக்கடி வயிற்றுப்போக்கு. ஆய்வறிக்கையில் இதெல்லாம் ‘லேசான பக்கவிளைவு’. பதினைந்து வருடம் தினமும் வருகிற ஒன்றை லேசானது என்று எழுதியவர் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவராக இருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். இந்த உபாதைகளால்தான் பலர் யாரிடமும் சொல்லாமல் இடையிடையே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். பத்தில் ஒரு பங்கு விட்டுப்போனாலே நோய் அடங்கும் ஆழம் குறைகிறது. நோய் வருடக்கணக்கில் மிக ஆழமாக அடங்கியிருப்பவர்களில், டாக்டரின் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கும்போது சுமார் பாதிப் பேருக்கு நோய் திரும்புவதில்லை.

நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியாவில் வேறொரு வேடிக்கை. பலருக்கு மருந்தே தர மாட்டார்கள், மூன்று மாதம், ஆறு மாதம் ஒருமுறை ரத்தத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அவசரப்பட்டு மருந்து கொடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்பதால்தான் இந்த முறை. உடம்பு நன்றாக இருக்கும், மனசு கிடந்து தவிக்கும். ‘கேன்சர் என்கிறார்கள், ஒன்றும் செய்ய மாட்டேன் என்கிறார்கள்’ என்ற அந்தத் தவிப்புக்கு ரத்தப் பரிசோதனையில் கட்டம் கிடையாது. வேகமாக முற்றும் ‘அக்யூட்’ லுகேமியாவிலோ எல்லாம் தலைகீழ். கண்டுபிடித்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்ந்து, ஒரே அறையில் ஒரு மாதம் வரை. இளவயதுக்காரர் என்றால் விந்தணு, கருமுட்டை சேமிப்பைப் பற்றி கீமோ தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், அந்தக் களேபரத்தில் இது மறந்தே போகும். இன்னொருவரின் ஸ்டெம் செல், அதாவது ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல், மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிச் சொல்வதானால், வீடு திரும்பிய நாளைக் குடும்பம் முடிவு என்று நினைக்கும். அவர்களுக்கு அது ஆரம்பம். கண், வாய் வறட்சி, தோல் இறுக்கம், தாம்பத்தியத்தில் சிரமம் என்று ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கலாம்.

இனி ஒரு சொல்லைப் பற்றி. உங்கள் டாக்டர் என்றாவது ‘பாலியேட்டிவ் கேர் டாக்டரை ஒருமுறை பாருங்கள்’ என்றால் பதறாதீர்கள். கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. வலி, குமட்டல், தூக்கம், பயம் இவற்றைக் கவனிப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் அவர்கள், புற்றுநோய் சிகிச்சை அது பாட்டுக்கு நடக்கும். 2016இல் பாஸ்டனில் ஒரு ஆய்வு வெளியானது. ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குச் சேர்ந்த 160 பேரில் பாதிப் பேரை ஆரம்பத்திலிருந்தே இந்தக் குழுவும் கவனித்தது. அவர்கள் யாரும் கைவிடப்பட்டவர்கள் அல்ல. இரண்டு வாரத்தில், சிகிச்சையின் மிக மோசமான கட்டத்தில், கூடுதல் கவனிப்பு கிடைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் குறைவாகவே சரிந்தது. ஆறு மாதம் கழித்தும் அவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. இவ்வளவு இருந்தும் ரத்தப் புற்றுநோயாளிகளை மற்றப் புற்றுநோயாளிகளைவிடத் தாமதமாகத்தான் அங்கே அனுப்புகிறார்கள். நீங்களே கேட்டு வாங்கலாம்.

சரி, உடம்பை விடுங்கள். 1984இல் கால்மன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் எழுதியது எனக்கு இன்றும் உதவுகிறது. ஒருவர் எதிர்பார்க்கும் வாழ்க்கைக்கும் அவருக்கு இப்போது வாய்த்திருக்கும் வாழ்க்கைக்கும் உள்ள இடைவெளிதான் வாழ்க்கைத் தரம் என்றார் அவர். இடைவெளியை இரண்டு பக்கமிருந்தும் குறைக்கலாம். அதனால்தான் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதும், நடமாடும் ஒருவர் ‘எல்லாம் போய்விட்டது’ என்பதும் நடக்கிறது. அப்பாவிடம் “தைரியமா இருங்க” என்று சொல்லிப் பயனில்லை. அது அவர் வாயை அடைக்கும் வார்த்தை. “செய்ய முடியாமல் போனதில் எது உங்களை ரொம்ப உறுத்துகிறது?” என்று கேளுங்கள். நீங்கள் நடையென்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அவர் படிப்பென்று சொல்வார், நாலு வரி படித்தால் ஐந்தாவது வரியில் முதல் வரி மறந்துவிடுகிறது என்பார். கீமோவாலும் ஸ்டீராய்டாலும் அப்படி ஆவதுண்டு, அதையும் நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டலாம். எது அவருக்கு முக்கியமோ அதற்கு அவருடைய நல்ல நேரத்தை ஒதுக்குங்கள். காலை பத்து மணிக்குத் தெம்பாக இருப்பார் என்றால் அந்த நேரத்தைக் குளிப்பதிலும் உடை மாற்றுவதிலும் செலவழிக்காமல் அவருக்குப் பிடித்ததைச் செய்யட்டும், குளியல் பிறகு ஆகட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல் இருந்தால், வாழ்ந்து என்ன என்று பேசினால், அது நோயின் இயல்பு என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வுக்கு மருந்தும் உண்டு, பேசித் தீர்க்கும் சிகிச்சையும் உண்டு.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கேள்வியில் அப்பாவின் தூக்கம், சாப்பாடு, கோபம் எல்லாம் இருக்கிறது. அம்மா ஒரே ஒரு வரியில், ‘பார்த்துக்கொள்கிறார்’ என்பதோடு முடிந்துவிட்டார். டெக்ஸா இரவில் அப்பா தூங்காவிட்டால் அம்மாவும் தூங்கியிருக்க மாட்டார். தன்னுடைய மாத்திரைகளை அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாரா, கடைசியாக எப்போது வெளியே போனார் என்று விசாரியுங்கள். அடுத்த ஊசிக்கு அப்பாவை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள், நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அம்மா வீட்டில் தூங்கட்டும்.